தட்டினால் அடங்கும் விசிறிச் சத்தம்: யாராவது வழி சொல்லுங்கள்

கிருஷ்ணகிரியில் சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2012இல் வாங்கிய மேசைக் கணினி ஒரு வாரமாகக் கர்ரென்று கத்துகிறது. எப்போதும் இல்லை, காலையில் போட்டதும் ஐந்து நிமிடம், பிறகு மதியம் எப்போதாவது. பெட்டியின் தலையில் லேசாகத் தட்டினால் அடங்குகிறது, வாடிக்கையாளர் வந்ததும் மறுபடி ஆரம்பிக்கிறது!

மூடியைக் கழற்றினேன். கிரானைட் லாரிகள் ஓடும் சாலையல்லவா, சாம்பல் நிறத் தூசி அப்பியிருந்தது. பிரஷ்ஷால் தட்டியும் பயனில்லை. பிராசசர் விசிறியின் நடுவை விரலால் ஒரு நொடி அழுத்தி நிறுத்தினேன், சத்தம் நிற்கவில்லை. அப்படியானால் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) விசிறியா? ஹார்ட் டிஸ்க்காக இருந்துவிடுமோ என்றுதான் பயம். கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவில்லை. எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? விசிறிதான் என்றால் எண்ணெய் விட்டால் போதுமா, மாற்றத்தான் வேண்டுமா?