கன்னியாகுமரி முதல் கோவளம் வரை: எந்தக் கடற்கரையில் எப்போது இறங்கலாம்?

மதுரைக்காரர்
ஏப்ரல் கடைசி வாரம் ஆறு பேர் காரில் வருகிறோம். பிள்ளைகளுக்கு எட்டு வயதும் பன்னிரண்டு வயதும், அம்மாவுக்கு எழுபது. கன்னியாகுமரி, முட்டம், தேங்காப்பட்டணம், பூவார், கோவளம் என்று கடலோரமாகவே போக எண்ணம். எங்கே குளிக்கலாம், எங்கே பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும்? அந்தப் பக்கம் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குளச்சல் கடப்புறம்
எந்தக் கடற்கரை என்பதற்கு முன்னால் எந்த நாள் என்று பாருங்கள் அண்ணாச்சி. நீங்கள் சொல்லும் ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் எல்லாம் கள்ளக்கடல் காலம். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது, வெயில் சுட்டெரிக்கும். தெற்கே இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் அடித்த புயலின் அலை மூன்று நான்கு நாள் ஓடிவந்து நம் கரையில் ஏறும். கள்ளன் மாதிரி வருவதால்தான் அந்தப் பெயர். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப் போனது. அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகித்தான் இருந்தது.

எச்சரிக்கையை வெளியிடுவது ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தனியாகவும் திருவனந்தபுரத்துக்குத் தனியாகவும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று போடுவார்கள். புறப்படும் முந்தின இரவு ஒரு தடவை, காலையில் ஒரு தடவை பாருங்கள். அதில் எல்லோரும் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பக்கத்திலேயே விநாடிக் கணக்கு ஒன்று இருக்கும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி. பக்கத்துக் காற்று கிளப்பும் அலைக்கு அது ஐந்து முதல் எட்டு விநாடி. பதினைந்தைத் தாண்டினால் அது தூரத்து அலை. உயரம் ஒரு மீட்டர்தான் என்று போட்டிருந்தாலும் கரையில் நீங்கள் எதிர்பார்க்காத தூரத்துக்கு ஏறும், திரும்பும்போது வாரிக்கொண்டு போகும்.

கையில் போன் இருக்கிறதே, கரையிலேயே அளக்கலாம். ஒரே பாறையில் அலை உடைவதைக் குறிவைத்துப் பத்து இடைவெளிக்கு நேரம் பிடியுங்கள். நூற்றைம்பது விநாடி வந்தால் அலைக்குப் பதினைந்து. அன்றைக்குக் கால் நனைப்பதோடு சரி.

நாகர்கோவில் வடசேரி
மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வந்தவுடன் இறங்காமல் இருபது நிமிஷம் கரையில் உட்காருங்கள். பெரிய அலைகள் ஐந்தாறாகச் சேர்ந்து வரும், பிறகு பல நிமிஷம் கடல் அடங்கிக் கிடக்கும். அந்த அடக்கத்தைப் பார்த்து இறங்கினவர்கள்தான் அடுத்த கூட்டத்தில் மாட்டுகிறார்கள்.

இன்னொன்று, இந்தப் பாதையில் இரண்டு கோவளம் உண்டு. கன்னியாகுமரி ஊரை ஒட்டிய மீனவ கிராமம் ஒன்று, விழிஞ்ஞத்துக்கு அடுத்த கேரளத்துக் கோவளம் மற்றொன்று, நடுவில் எண்பது கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோவிலும் கூகுளிலும் எதைச் சொல்கிறோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

குமரி முனையின் கிழக்கும் மேற்கும் ஒன்றல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவ அலை முழுவதையும் மேற்குக் கரை வாங்கும். மணல் கடலுக்குள் போய்விடும், கரை செங்குத்தாக அறுந்து நிற்கும். அப்போது கிழக்கே இருக்கும் சின்னமுட்டம், வட்டக்கோட்டைப் பக்கம் அலை குறைவு என்று ஆட்கள் அங்கே போவார்கள். அலை குறைவுதான், ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று அங்கே கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். டியூப், காற்று மெத்தை, மிதக்கும் பொம்மை எதைப் போட்டாலும் உள்ளே தள்ளிக்கொண்டு போகும், பிள்ளைகள் அதைத் துரத்துவார்கள். வட்டக்கோட்டைக்கு வீட்டிலிருந்து டியூப் எடுத்து வராதீர்கள். கோட்டைச் சுவர் மேல் ஏறிக் கடலைப் பார்ப்பதே நல்ல காட்சி.

குளச்சல் கடப்புறம்
மீன்பிடித் தடைக்காலம்கூட இந்த மாவட்டத்தில் இரண்டு. சின்னமுட்டத்து விசைப்படகுக்குக் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்துக்கு மேற்குக் கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு கடல் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சொத்தவிளை பக்கம்
நீளமான மணல் கரைகளான சொத்தவிளை, சங்குத்துறை, கணபதிபுரம் எல்லாம் பார்க்கச் சாதுவாக இருக்கும். பாறை இல்லை, ஆழமும் இல்லாத மாதிரி தெரியும். இங்கே ஆளைக் கொல்வது நீர் இழுவை. கரையில் ஏறிய தண்ணீர் முழுவதும் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் தேடும். மணல் திட்டு எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே பத்து இருபது மீட்டர் அகலத்தில் ஆறு மாதிரி உள்ளே ஓடும்.

அதை அடையாளம் காண, கொஞ்சம் உயரத்தில் ஏறி நின்று பாருங்கள், சாலை ஓரச் சுவரே போதும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கறுப்பாக அல்லது கலங்கலாக இருக்கும். நுரையும் குப்பையும் அந்தப் பட்டையில் கடலை நோக்கி நகரும். சந்தேகமாக இருந்தால் ஒரு தேங்காய் மட்டையை வீசிப் பாருங்கள். பக்கவாட்டில் போகிறதா, உள்ளே போகிறதா என்று இரண்டு நிமிஷத்தில் தெரியும். வெளியூர்க்காரர்கள் செய்யும் தப்பு, 'இங்கே அலை இல்லை, பிள்ளைகள் இங்கே விளையாடட்டும்' என்று சரியாக அந்தப் பட்டையைத் தேர்ந்தெடுப்பது. நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கு இருக்கும் என்றும் இல்லை. மணல் நகர்ந்தால் இழுவையும் நகரும்.

தூண்டில் வளைவை, அதாவது கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் சுவரை ஒட்டி மட்டும் எந்த நாளிலும் இறங்கவே கூடாது. கல்லை ஒட்டியே தண்ணீர் உள்ளே ஓடும், முனையில் குழி பறித்திருக்கும். அங்கே போட்டிருக்கும் நட்சத்திரக் கற்களின் (நாலு கால் உள்ள கான்கிரீட் கட்டைகள்) மேல் ஏறி செல்ஃபி எடுப்பதும் வேண்டாம். இடுக்கில் கால் போனால் எடுப்பது கஷ்டம், அடுத்த அலை காத்திருக்காது.

மதுரைக்காரர்
இழுவையில் மாட்டிக்கொண்டால்?

சொத்தவிளை பக்கம்
அது கீழே இழுக்காது, வெளியேதான் இழுக்கும். கரையைப் பார்த்து நேராக நீந்தினால் நல்ல நீச்சல்காரனும் சில நிமிஷத்தில் தளர்ந்து மூழ்குவான். மல்லாந்து மிதக்க வேண்டும், ஒரு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இழுப்பு குறைந்ததும் கரைக்கு இணையாக, வெள்ளையாக அலை உடையும் பக்கம் நகர்ந்து, அங்கிருந்து அலையோடு வர வேண்டும். பிள்ளைகளுக்கு இதைக் காரிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

மார்த்தாண்டம்
யாராவது மாட்டினால் சேலையையோ வேட்டியையோ முடிந்து வீசி இழுக்கலாம்.

குளச்சல் கடப்புறம்
அதை நம்பி நிற்காதீர்கள். சேலை ஐந்தரை மீட்டர், நனைந்தால் காற்றில் பறக்காது, தண்ணீரில் மிதக்காது. வீசப் போனவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார், அடுத்தவர் அவரைப் பிடிப்பார், அப்படித்தான் ஒருவருக்கு மூன்று பேர் போவது. ஒரு காலிக் கன்னாசு (பிளாஸ்டிக் கேன்) எடுத்து வையுங்கள், ஐந்து லிட்டர் எண்ணெய்க் கன்னாசு போதும். மூடியை இறுக்கி, கைப்பிடியில் இருபது மீட்டர் நைலான் கயிறு கட்டுங்கள். எடை வேண்டுமானால் உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் விடுங்கள், காற்றை எதிர்த்தும் பறக்கும். கயிறு எட்டாத தூரம் என்றால் கயிற்றை அவிழ்த்துக் கன்னாசை மட்டும் வீசினாலும் அவர் அதைக் கட்டிக்கொண்டு மிதப்பார். கடலோரக் காவல் போலீஸ் 1093, கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108. ஆனால் முதலில் ஓட வேண்டியது பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஆளிடம்.

ஞாயிற்றுக்கிழமை பல ஊர்களில் கடலுக்குப் போக மாட்டார்கள், வள்ளம் எல்லாம் மேட்டில் கிடக்கும், உதவிக்கு ஓடிவர ஆளும் குறைவு. சுற்றுலாக் கூட்டம் அதிகம் வருவதும் அன்றைக்குத்தான். முடிந்தால் வார நாளில் வாருங்கள்.

ஆசாரிப்பள்ளம் பக்கம்
வெளியே எடுத்த பிறகு வயிற்றை அமுக்குவது, காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவது இரண்டும் வேண்டாம். வயிற்றில் இருப்பது வெளியே வந்து மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். மூச்சு இல்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து மூச்சு, பிறகு நெஞ்சில் முப்பது அமுக்கு, இரண்டு மூச்சு, அதே கணக்கில் ஆம்புலன்ஸ் வரும்வரை. எழுந்து உட்கார்ந்து 'ஒன்றுமில்லை' என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறடிக்கும்.

சொறி (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல்நீரால் அலசி, ஒட்டியிருப்பதைச் சுரண்டாமல் சின்ன இடுக்கியால் எடுத்துவிட்டு, கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் இருபது நிமிஷம். திருக்கை முள் குத்தினாலும் அதே வெந்நீர்தான், ஆனால் முள் உள்ளே ஒடிந்திருக்கும் என்பதால் டாக்டர் பார்க்காமல் விடக்கூடாது.

முட்டம் வழி
முட்டமும் கடியப்பட்டணமும் பார்க்கும் இடங்கள், குளிக்கும் இடங்கள் அல்ல. பாறையில் ஒரே விதி: நிற்கும் இடம் நனைந்திருந்தால் அலை அங்கே வந்து போயிருக்கிறது, மறுபடி வரும். காய்ந்து வெளுத்த பாறைக்கு மேலே நில்லுங்கள். பச்சைப் பாசி தெரிந்தால் எந்தச் செருப்பும் பிடிக்காது. கடலுக்கு முதுகு காட்டிப் போட்டோ எடுக்காதீர்கள், எடுப்பவர் கடலைப் பார்த்து நிற்கட்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் வெயில் எதிரே தண்ணீரில் பளபளக்கும், அப்போது தண்ணீரில் ஒரு தலை மிதந்தாலும் கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. மேற்குக் கரை முழுவதும் இதே கதை. அஸ்தமனத்தை மணலில் உட்கார்ந்து பாருங்கள்.

மணவாளக்குறிச்சி
எங்கள் பக்கம் மணல் கறுப்பு, இல்மனைட் என்ற கனிமம் கலந்த மணல். பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடினால் கால் வெந்துவிடும். செருப்பைக் காரில் விட்டு இறங்காதீர்கள்.

பொழியூர் எல்லை
தேங்காப்பட்டணமும் பூவாரும் பட்டியலில் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டும். தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் விழுகிறது, அங்கேயே துறைமுகம். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வள்ளம் கவிழ்ந்து மீனவர்களே இறந்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் கால் வைப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மீன் வாங்குங்கள், வள்ளம் வருவதைப் பாருங்கள், கிளம்புங்கள்.

பூவாரில் நெய்யாறு. படகில் அலையாத்திச் செடிகளுக்கு நடுவே கூட்டிப்போய், ஆற்றுக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் மணல் திட்டில் இறக்கிவிடுவார்கள். லைஃப் ஜாக்கெட் கேளுங்கள், பிள்ளைகள் அளவில் இருக்கிறதா என்று கொக்கியைப் போட்டுப் பாருங்கள். தோளைப் பிடித்துத் தூக்கினால் ஜாக்கெட் காதுவரை ஏறக்கூடாது. திட்டில் இறங்கியதும் கடல் பக்கம் ஒரு ஆபத்து, ஆற்றுப் பக்கம் இன்னொன்று. பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய், திறந்திருந்தால், தண்ணீர் வடியும் நேரத்தில் ஆறே கடலுக்குள் தள்ளும். திட்டின் விளிம்பு அடியில் அரித்துக் கிடக்கும், நிற்கும் மணல் ஆளோடு சரியும். விளிம்பிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளியே நடங்கள். பொழி மூடியிருந்தாலும் மழை பெய்த மறுநாள் உடைந்துவிடலாம்.

திருவனந்தபுரம் கரமனை
மொத்தப் பாதையில் பிள்ளைகளோடு தண்ணீரில் இறங்கச் சரியான இடம் கேரளத்துக் கோவளம்தான். அலை சின்னது என்பதால் அல்ல, லைஃப்கார்டு இருப்பதால். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள், முழுச் சிவப்புக் கொடி என்றால் இறங்காதீர்கள். விசில் அடித்தால் விவாதம் செய்யாமல் வெளியே வாருங்கள். லைட்ஹவுஸ் பீச், ஹவா பீச் இரண்டையும் பிரிக்கும் பாறையை ஒட்டி இழுவை இருக்கும், வளைவின் நடுப்பகுதியே நல்லது. பிள்ளைகளுக்கு முழங்கால் அளவு, பெரியவர் ஒருவர் பிள்ளைக்கும் கடலுக்கும் நடுவில். கரையிலேயே மடிந்து விழும் அலை இருந்தால் தலைகீழாகப் பாய விடாதீர்கள். கழுத்து எலும்பு முறிவது ஆழத்தில் அல்ல, அங்கேதான்.

மதுரைக்காரர்
சரி, கோவளத்தில் மட்டும் குளியல். ஆனால் அம்மாவுக்குக் கன்னியாகுமரி சங்கமத்தில் தலை நனைக்க வேண்டுமாம். பிடிவாதம்.

நாகர்கோவில் வடசேரி
படித்துறையில் பாசி வழுக்கும், கூட்டமும் தள்ளும். ஒரு வாளி, ஒரு செம்பு, பிளாஸ்டிக் முக்காலி எடுத்து வாருங்கள். அம்மாவை மேல்படியில், காய்ந்த இடத்தில் உட்கார வையுங்கள். உறுதியாகப் பிடித்து நிற்கக்கூடிய ஆள் ஒருவர் அலை திரும்பும் நேரத்தில் வாளியை முக்கி எடுக்கட்டும், வாளியில் கயிறு கட்டியிருந்தால் படியில் இறங்கவே வேண்டாம். மூன்று செம்பு ஊற்றினால் போதும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், உதயம் பார்க்க வந்த கூட்டம் அப்போது சாயா குடிக்கப் போயிருக்கும்.