பிராடக்ட் மேனேஜர் வேலையில நீங்க பாத்த சறுக்கல், வளர்ச்சி எல்லாம் பகிருங்க

வணக்கம் மக்களே. நான் இங்க சிங்கப்பூர்ல கடைக்காரங்க பணம் வாங்குற ஆப் ஒண்ணுல பிராடக்ட் மேனேஜர், அதாவது ஆப்ல எது இருக்கணும், எது வேணாம்னு முடிவு பண்ற ஆளு. புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்க எல்லாரும் ரோட்மேப் (அடுத்தடுத்து என்ன செய்யப் போறோம்ங்குற திட்டம்) எப்படி போடுறதுன்னுதான் கேக்குறாங்க, எனக்கு அதைவிட பெரிய கவலை, புதுசு குடுக்குறேன்னு சொல்லிட்டு ஜனங்க நம்பியிருக்குற எதையோ பிடுங்கிடுறோமான்னு.

2024 ஜனவரில சிம்ப்ளிகோ விஷயம் ஞாபகம் இருக்கும், இங்க பஸ், ரயில் கட்டணத்துக்கு வந்த புது முறை. பெரியவங்க கட்டணத்துக்கு (முதியோர், மாணவர் சலுகை இல்லாத சாதாரண கட்டணம்) பழைய ஈசி-லிங்க் கார்டு முறை ஜூன் 1லேர்ந்து கிடையாதுன்னு 9ம் தேதி அறிவிச்சாங்க, 22ம் தேதியே அதை வாபஸ் வாங்கிட்டாங்க, பழைய முறையையும் சேத்து ஓட்ட கூடுதலா 40 மில்லியன் வெள்ளி. மக்கள் பெருசா சொன்ன குறை என்ன? ஸ்டேஷன் கேட்ல கார்டை தட்டுனா எவ்வளவு போச்சு, மிச்சம் எவ்வளவுன்னு தெரியல. புது முறையில கணக்கு கார்டுக்குள்ள இல்லாம பின்னாடி சிஸ்டத்துல ஓடுது, அதனால உடனே காட்ட முடியல, டெக்னிக்கலா நியாயமான காரணம்தான். ஆனா ஆப் பக்கமே போகாத ஆளுக்கு அந்த கேட் ஸ்கிரீன்தானே பாஸ்புக்!

அந்த சமயத்துலதான் எங்க ஆபீஸ்லயும் ஒரு பேச்சு, முதல் பக்கத்துல இருக்குற "இன்னைக்கு மொத்தம்" எடுத்துடலாம், டேட்டால பாத்தா அதை யாருமே தட்டறதில்லன்னு. எனக்கு மனசு ஒப்பல, தேக்கா ஈரச்சந்தைக்கு கிளம்பிட்டேன். அங்க மீன் கடை அண்ணன் போனை பிளாஸ்டிக் பையில போட்டு ஆணியில மாட்டி வச்சிருக்கார், கையெல்லாம் ஈரம், எங்க தொடுறது, தலைய நிமித்தி அந்த நம்பரை பாத்துட்டு அடுத்த மீனை வெட்டுறார். பாக்குறதுக்கு கிளிக் எதுக்கு? டேஷ்போர்டுல அது எப்படி பதிவாகும்? போட்டோ எடுத்து மீட்டிங்ல காட்டினேன், அந்த நம்பர் இன்னும் அங்கயேதான் இருக்கு, எழுத்தைக்கூட பெருசாக்கிட்டோம்.

———

அண்ணே, இதே மாதிரி எனக்கு பிடிச்சது சிடிசி வவுச்சர், வீட்டுச் செலவுக்கு அரசாங்கம் குடுக்குற பற்றுச்சீட்டு. 2021 டிசம்பர்ல டிஜிட்டலா மாத்துனப்பவே, ஸ்மார்ட்போன் இல்லாதவங்க சமூக மன்றத்துக்குப் போய் பேப்பர்ல அச்செடுத்துக்கலாம்னு வழி வச்சாங்க, கடைக்காரர் அந்த கியூஆரை ஸ்கேன் பண்ணா போதும். எங்க பாட்டி அதை மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டுதான் மளிகை வாங்கப் போவாங்க. சரி, ஒரு சந்தேகம், நான் ஜூனியர், இதையெல்லாம் பேசினா பிரமோஷன் வருமா? எங்க மேனேஜர் எத்தனை ஃபீச்சர் ரிலீஸ் ஆச்சுன்னு மட்டும்தான் கேக்குறார்.

———

தம்பி, ஒரு அக்காவா சொல்றேன். ஜிரா டிக்கெட்டை (வேலைப் பட்டியல் சாஃப்ட்வேர்ல இருக்குற வேலைக் குறிப்பு) நகத்துறது, ஆளாளுக்கு தேதி கேட்டு விரட்டுறது, இது பிராஜெக்ட் மேனேஜர் வேலை, டைட்டில் மட்டும் வேற போட்டு நிறைய இடத்துல இதைத்தான் செய்ய வைக்கிறாங்க, அதுலயே வருஷக்கணக்கா மாட்டிக்காத. நான் சீனியர் வேலைக்கு இன்டர்வியூ எடுக்குற ஆளு. எத்தனை ரிலீஸ்னு நான் கேக்கவே மாட்டேன், எதை வேணாம்னு நிறுத்துனீங்க, ஏன், அப்புறம் என்ன ஆச்சுன்னு கேப்பேன், பாதிப்பேர் அங்கயே அமைதியாயிடுவாங்க. இன்னொண்ணு, இங்க உக்காந்துக்கிட்டு ஜகார்த்தாவுக்கும் மணிலாவுக்கும் முடிவெடுக்குற வேலை நிறைய, இங்க ஓடினது அங்கயும் ஓடும்னு நெனச்சு இறக்கி கையை சுட்டுக்கிட்ட டீமெல்லாம் பாத்திருக்கேன், சான்ஸ் கிடைச்சா அந்த ஊருக்கே போய் கடையில நின்னு பாரு.

உங்க மேனேஜர்கிட்ட ரிலீஸ் கணக்கு குடு, வேணாம்னு சொல்லல. கூடவே ஒவ்வொண்ணுக்கும் கீழ ரெண்டு வரி எழுது, யாருக்காக பண்ணோம், அவங்க இப்ப என்ன வித்தியாசமா செய்றாங்கன்னு. அந்த ரெண்டு வரி எழுத வரலேன்னா அந்த ஃபீச்சரை அடுத்த மீட்டிங்ல நீயே கேள்வி கேளு.