'பேக்-ஆஃப்' தமிழில் என்ன?

திருமங்கலம், பாலிடெக்னிக் ஆசிரியர்:
வணக்கம். கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட் வலை பற்றிய பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கொலிஷன்' மோதல்தான், அதில் சண்டை வேண்டாம். அடுத்த கட்டமான 'பேக்-ஆஃப்'தான் சிக்கல். ஒரே கம்பியில் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொண்டால் இரண்டும் நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்து அத்தனை அலகு நேரம் காத்திருக்கும். முதல் மோதலுக்குப் பின் 0 அல்லது 1, அடுத்து 0 முதல் 3, அப்புறம் 7 வரை. இப்படி ஏறி 1023-இல் நிற்கும். 10 மெகாபிட் வலையில் ஓர் அலகு 51.2 மைக்ரோநொடி. 16 முறை மோதினால் கைவிட்டுவிடும். இதற்குப் 'பின்வாங்கல்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

மேலூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வேண்டாம் தம்பி. புறங்கொடுத்து ஓடுகிற தொனி. இங்கே தோற்றவர் யார்? 'ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து', குறள் 486. போர்க்கடா பின்னே போவதை வள்ளுவர் 'பேர்தல்' என்கிறார். 'பேர்வு' என வையுங்கள். பேர், பெயர் இரண்டும் ஒன்றே. பேரனும் பெயரன்தான், ஆனால் அந்தப் பெயர் வேறு. அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

செல்லூர், நெட்வொர்க் வேலை:
ஐயா, நாம் கிடா முட்டு பார்க்காதவர்களா? கிடா பின்னால் போவது இன்னும் வேகமாக முட்டத்தான். இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பி வரும். அப்படி வந்தால் வலை படுத்துவிடும். ஆளுக்கொரு நேரம் என்பதுதான் இதில் உயிர். 'பேர்வு' என்றால் பையன்கள் இடப்பெயர்ச்சி என்று இயற்பியலுக்குப் போய்விடுவார்கள். பின்வாங்கலும் முழுசாக ஒட்டாது. வைஃபையில் மோதலே நடக்காவிட்டாலும் இந்தக் காத்திருப்பு உண்டு. 'ஒதுங்கல்' போதுமே.

உசிலம்பட்டி, கணினி ஆசிரியை:
அண்ணே, அதைக் கரும்பலகையில் எழுதி ஒரு வகுப்பு நடத்திப் பாருங்கள். எங்கள் பக்கம் 'ஒதுங்கப் போறேன்' என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாதா? கடைசி பெஞ்ச் அன்றைக்கு அடங்காது. 'குலுக்கல் காத்திருப்பு' என்று போடுங்கள். நீளம்தான், ஆனால் படித்ததும் புரியும்.

மேலூர்:
குலுக்கல் என்றால் லாட்டரிச் சீட்டு அம்மா. பேர்வு மூன்றே எழுத்து.

செல்லூர்:
சுருக்கம் சரி ஐயா, புரியணுமே. சொல்லப்போனால் ஒவ்வொரு கணினிக்கும் தனிவழி தரும் சுவிட்ச் பெட்டி வந்த பிறகு கம்பியில் மோதல் ஏது? பாடத்தையே வைஃபையிலிருந்து தொடங்கலாம்.

திருமங்கலம்:
பாடத்திட்டம் என் கையில் இல்லையே. அச்சகத்தில் கேட்கிறார்கள். குலுக்கல் காத்திருப்புக்கு மூன்று ஓட்டு, என்னுடையதும் சேர்த்து. அதையே போட்டுவிட்டேன்.

மேலூர்:
எனக்கு உடன்பாடில்லை. எனக்கு வரும் பிரதியில் 'பேர்வு' என்று திருத்திக்கொள்வேன். பெயரன் பற்றிய மடல் நாளை.