தியேட்டரில் வசனம் தெளிவாகக் கேட்க எங்கே உட்காரலாம்?

வணக்கம் நண்பர்களே. சமீபத்தில் தியேட்டரில் பார்த்த படங்களில் எனக்குப் பெரிய குறை ஒன்றுதான்: பின்னணி இசை வசனத்தை விழுங்கிவிடுகிறது. நேற்றுப் பார்த்த குடும்பக் கதையில், சாகக் கிடக்கும் அம்மா மகனிடம் மெல்லிய குரலில் ஏதோ சொல்கிறாள். அவன் உதடு துடித்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் வயலின்கள் உச்சத்துக்குப் போய்விட்டதால் அவள் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. பக்கத்து இருக்கைக்காரர் "என்ன சொன்னாங்க?" என்று என்னைக் கேட்டார். படம் அருமை, அதனாலேயே மனசு ஆறவில்லை.

வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் இருக்கும் நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். நான் வழக்கமாகக் கடைசி வரிசையில் ஓரமாக உட்காருகிறேன், சுவர் ஸ்பீக்கர் தலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் காரணமா, இல்லை ஒலிக்கலவையே அப்படியா? திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடு இருக்கை நல்லது என்கிறார்கள். உட்கார்ந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அட்மாஸ் (கூரையிலும் ஸ்பீக்கர் வைத்த ஒலி அமைப்பு) அரங்கில் வித்தியாசம் தெரிகிறதா? அப்புறம், இடைவேளையில் ஆபரேட்டரிடம் சொன்னால் சரிசெய்வார்களா? இந்த வாரமே அந்தப் படத்தை மறுபடி பார்க்கப் போகிறேன், அதற்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவி.