12 ஆண்டுகள் கழித்துப் பேஸ்பால் நடுவராகப் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கப்போகிறேன்: உடம்பு நோகாமல் இருக்க என்ன செய்யலாம்?

பாமணியாறு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் வசிக்கிறேன், வயது 51. கல்லூரியில் படித்தபோது பேஸ்பாலில் கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவராக) ஆடினேன். பிறகு ஏறத்தாழ 10 ஆண்டுகள் பேஸ்பால், சாஃப்ட்பால் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றிருக்கிறேன். வேலை மாறுதலாலும் வீட்டுப் பொறுப்புகளாலும் கடந்த 12 ஆண்டுகளாக மைதானத்துப் பக்கமே போகவில்லை. பங்குனியில் தஞ்சாவூரில் நடக்கவிருக்கும் மூன்று நாள் போட்டிக்கு அம்பயர்கள் போதவில்லை என்று பழைய நண்பர் ஒருவர் கேட்டபோது, யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர்ப் பையன்களின் பயிற்சி ஆட்டத்தில் ஐந்து இன்னிங்ஸ் பிளேட் அம்பயராக (பேட்டர் நிற்குமிடத்தில் தரையில் பதித்த பலகையான பிளேட்டுக்கும் கேட்சருக்கும் பின்னால் நின்று ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்புச் சொல்பவராக) நின்று பார்த்தேன். நிற்கும்போது ஒன்றும் தெரியவில்லை, மறுநாளும் சமாளித்துவிட்டேன். இரண்டாம் நாள் காலையில்தான் தொடையின் முன்பக்கம் கல்லாக இறுகிப்போய், கழிவறையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. இடுப்பின் வலப்பக்கமும் கழுத்தும் சேர்ந்து வலித்தன. இவை நான்கு நாளில் போய்விட்டன. ஆனால் நான்காவது இன்னிங்ஸில் மூன்றாம் பேஸ் (ஓடுபவர்கள் தொட வேண்டிய இடம்) பக்கம் ஓடியபோது இடது கெண்டைக்காலில் சுருக்கென்று ஒன்று பிடித்ததே, அது இன்னும் படி ஏறும்போது தெரிகிறது. சம்பா அறுவடைக்கு வயலில் இறங்காதவர் பையன்கள் விளையாட்டில் போய்ப் படுத்துக்கொண்டார் என்று வீட்டில் பேச்சு வேறு.

இன்னும் எட்டு வாரங்கள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டங்கள் என்கிறார்கள். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன்; சர்க்கரை இல்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அரசலாறு:

வணக்கம் ஐயா. கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் கேட்சராக ஆடியவர் என்பதைப் படித்தவுடனேயே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது: கேட்சர் குந்துவதைப் போலவே நீங்களும் குந்துகிறீர்களோ? கேட்சராக இருந்து நடுவரானவர்கள் பலரும் இந்தத் தவற்றைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், நானும் செய்தவன்தான். நடுவரின் கண்கள் ஸ்டிரைக் ஸோனின் (பிளேட்டுக்கு மேலே பந்து கடக்க வேண்டிய கற்பனைக் கட்டத்தின்) மேல்விளிம்பையொட்டிய உயரத்தில் இருந்தால் போதும். அதாவது உங்கள் மோவாய், கேட்சரின் தலைக்கவசத்து உச்சியை ஒட்டி நிற்கும். அதற்கும் கீழே இறங்கினால் கேட்சரின் தலையே பிளேட்டின் வெளி மூலையை மறைத்துவிடும். முழங்காலும் நோகும், தீர்ப்பும் கெடும். அடுத்த முறை யாரையாவது பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது, எப்போது இறங்குகிறீர்கள் என்பது. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் ஒன்றில் இரு தரப்பும் சேர்த்து 250 முதல் 300 பந்துகள் வரை வீசப்படுவது சாதாரணம். அத்தனை முறையும் நீங்கள் இறங்கி எழ வேண்டும். பிட்சர் (பந்து வீசுபவர்) தன் இடத்திலுள்ள ரப்பர் பலகை மீது காலை வைத்து, கேட்சரிடம் சைகை வாங்கி, பேஸில் நிற்கும் ரன்னரைத் திரும்பிப் பார்த்து முடிக்கும்வரை நீங்கள் கீழேயே காத்திருந்தால், ஒரு பந்துக்குப் பத்து நொடி வீதம் தொடைக்குச் சுமை ஏறிக்கொண்டே போகும். பிட்சர் வீசத் தொடங்கும்வரை நிமிர்ந்தே நில்லுங்கள்; அவர் கை பந்தை விடுவதற்கு முன் அசையாமல் நிலைகொண்டிருந்தால் போதுமானது. பந்து ‘பால்’ (ஸோனுக்கு வெளியே போனது) என்றால் கீழிருந்தபடியே சொல்லுங்கள். ‘ஸ்டிரைக்’ என்றால் முதலில் நிமிர்ந்து, பிறகு கையைக் காட்டுங்கள்.

எங்கள் வயலில் நடவு நடும் பெண்கள் குனிவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் முதுகை வில்லாக வளைப்பதில்லை. இடுப்பு மூட்டிலிருந்து மடங்கி, முழங்காலைச் சற்றே தளர்த்தி, பின்பக்கத்தைப் பின்னே தள்ளிக் குனிவார்கள். நமக்கு வேண்டியதும் அந்த மடிப்புதான். அவர்களுக்கு மாலையில் இடுப்பு வலிக்காமல் இல்லை, ஆனால் அவர்களுக்கு நிமிர நேரம் கிடைப்பதில்லை. நமக்கு ஒவ்வொரு பந்துக்கும் கிடைக்கிறது.

கால் வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பேட்டர் பக்கத்துக் கால் சற்று முன்னே, மற்றக் காலின் பெருவிரல் முன்காலின் குதிகாலுக்கு நேரே, இடைவெளி தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. ஒரு காலைப் பின்னால் நீட்டிக் கத்தரிக்கோல் போல நிற்பது உங்கள் பழைய வழக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த நிலையில் தலை முன்னே நீண்டு நிற்கும். கழுத்து பின்னே மடங்கியிருக்கும். ஃபவுல் டிப் (மட்டையில் உரசிப் பின்னால் வரும் பந்து) ஒன்று நேராக மாஸ்கில் (முகக் கவசத்தில்) வந்து மோதினால், விலகிப்போக இடமில்லாமல் அடி முழுவதையும் கழுத்தே வாங்கும். உங்களுக்கு ஒரு பக்க இடுப்பும் கழுத்தும் சேர்ந்து வலித்தது என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

மாணிக்கவிநாயகர் தெரு:

முழங்காலை மண்ணில் ஊன்றி நின்றால் தொடைக்கு வேலையே இல்லையே? சிலர் அப்படிச் செய்வதைக் காணொளியில் பார்த்தேன். உடம்பைத் தேற்றுவதற்கு எங்கள் திருச்சி மலைக்கோட்டையில் தினமும் ஏறி இறங்கினால் போதும்; ஒரே மாதத்தில் கால் இரும்பாகிவிடும்.

கொள்ளிடக்கரை:

மேலே உள்ள நண்பரின் இரண்டு யோசனைகளையுமே நான் மறுக்க வேண்டியிருக்கிறது; கோபித்துக்கொள்ள வேண்டாம். முழங்காலை ஊன்றியவர் எழுந்து நகர்வதற்கு நேரமாகும். பண்ட் (மட்டையை வீசாமல் மெல்லத் தட்டுவது) அடித்த பந்து காலடியில் உருளும்போது அந்த ஒரு நொடிதான் எல்லாம். மேலும் 51 வயதில், மாசி வெயிலில் வெடித்துக் கிடக்கும் களிமண் தரையில் இருநூறு முறை முழங்காலை இறக்குவது வைத்தியம் ஆகாது. மலைக்கோட்டையில் நானூறுக்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. ஏறுவது நல்லதுதான்; இறங்குவதுதான் வினை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அப்படி நீளும்போது செய்யும் வேலைதான் பழகாத தசையில் வலியை உண்டாக்குகிறது. குந்தி இறங்குவதிலும் அதே கதை. ஐயாவுக்கு இரண்டாம் நாள் வலி உச்சத்துக்குப் போனதும் இதனால்தான். இவ்வகை வலி ஒரு நாள் முதல் மூன்று நாளுக்குள் உச்சம் கண்டு, தானாகவே அடங்கும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒரு முறை இப்படி நொந்த தசை, ஒன்றிரண்டு வாரத்துக்குள் அதே வேலையை மறுபடி செய்தால் முதல் தடவை அளவுக்கு நோகாது. ஆகவே வலிக்குப் பயந்து எட்டு வாரமும் ஓய்வெடுத்துவிட்டு நேரே போட்டிக்குப் போவது மிக மோசமான திட்டம். சிறு அளவில், இடைவெளி விட்டு, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மூன்று எண்ணும்வரை மெதுவாக உட்காருங்கள். பத்துப் பத்தாக மூன்று முறை போதும். படி வேண்டுமென்றால், கும்பகோணம் வரும்போது சுவாமிமலைக்குப் போங்கள். தமிழ் ஆண்டுகளின் கணக்கில் 60 படிகள்தான். பிரபவ ஆண்டிலிருந்து அட்சய ஆண்டுவரை ஒரு முறை ஏறி, நிதானமாக இறங்கினால் தொடக்கத்துக்கு அதுவே தாராளம்.

மூன்றாம் வாரத்திலிருந்து, உங்கள் ஊர்ப் பிட்சர்கள் பயிற்சிக்காக வீசும்போது மாஸ்க்கும் கவசங்களும் அணிந்து கேட்சருக்குப் பின்னால் நில்லுங்கள். முதல் நாள் 30 பந்துகள், அடுத்த முறை 40, பிறகு 60 என்று ஏற்றுங்கள். தொடை பழகுவதோடு கண்ணும் பழகும். 12 ஆண்டு இடைவெளிக்குப் பின் ஸ்டிரைக் ஸோனும் துருப்பிடித்துத்தான் இருக்கும்.

ஆனால் கெண்டைக்கால் விஷயம் வேறு. ஓடும்போது ‘சுருக்’கென்று பிடித்து இன்னமும் வலிப்பது, பழகாத தசையின் சாதாரண நோவு அல்ல, தசை இழைகள் சிறிதளவு கிழிந்திருக்கலாம். ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி நிற்கும்போது வலித்தாலோ, வீக்கமோ கன்றிய நிறமோ இருந்தாலோ, மருத்துவரிடம் காட்டாமல் எந்தப் பயிற்சியும் தொடங்க வேண்டாம். ஆறிய பிறகு, படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். முழங்காலை நீட்டியபடி சில தடவை, சற்று மடக்கியபடி சில தடவை. நடுவர்களுக்குக் கெண்டைக்காலும் பின்தொடையும் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் ஓட்டத்தின் தூரமன்று. அசையாமல் நின்றுகொண்டே இருந்துவிட்டு, திடீரென்று முழு வேகத்தில் பாய்வதுதான். இன்னிங்ஸ் இடைவெளியில் உட்காராதீர்கள். கோட்டோரமாக மெல்ல ஓடிப் போய்த் திரும்புங்கள். ஆட்டம் தொடங்குமுன் பத்து நிமிடம் நடை, மென்னோட்டம், பக்கவாட்டு நகர்வு, கடைசியில் இரண்டு மூன்று குறுகிய வேக ஓட்டங்கள் என்று உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

குடமுருட்டி:

எல்லோரும் உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். நான் பரண்மேல் இருப்பதைப் பற்றிச் சொல்கிறேன். 12 ஆண்டு பழைய சாமான்களையா எடுத்து மாட்டினீர்கள்? ரப்பர்போல மெத்தென்று இருந்த ஷூ அடிப்பாகம் சில ஆண்டுகள் சும்மா கிடந்தாலே காற்றின் ஈரத்தால் மக்கிவிடும். வெளியே பார்த்தால் புதிதாகத் தெரியும், போட்டு ஓடினால் பாளமாகக் கழன்று வரும். எனக்கு இரண்டாம் பேஸ் அருகே, ஆட்டத்தின் நடுவே கழன்றது. மீதி ஆட்டத்தைச் சணல் கயிறு கட்டிக்கொண்டு முடித்தேன். பையன்கள் இன்றுவரை மறக்கவில்லை.

மார்புக் கவசத்தின் பஞ்சையும் மாஸ்கின் உள் மெத்தையையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி மீள வேண்டும். கருவாடு போல விறைத்திருந்தால் அடியைத் தாங்காமல் அப்படியே உடம்புக்குக் கடத்திவிடும். பந்தின் எடை 142 முதல் 149 கிராம்தான் என்று அலட்சியம் வேண்டாம். ஃபவுல் டிப்பாக வரும்போது அதன் வேகம் தெரியும். இரும்பு முனை வைத்த தொழிற்சாலை ஷூவைப் பலர் மலிவாக வாங்கிப் போடுகிறார்கள். அது விரலைக் காக்கும், புறங்காலைக் காக்காது. பந்து வந்து விழுவது பெரும்பாலும் புறங்காலில்தான். அதன்மேல் மூடி உள்ள பிளேட் ஷூவே வேண்டும். மாஸ்கில் பலத்த அடி விழுந்து தலை சுற்றினாலோ, குமட்டினாலோ, பார்வை மங்கினாலோ, அன்றைக்கு மறுபடி நிற்காதீர்கள். யார் கெஞ்சினாலும் சரி.

ஓடம்போக்கி:

சுருக்கமாக ஒன்று. பங்குனி வெயிலில் கவசங்களுக்குள் வியர்த்துக் கொட்டும். தசைப்பிடிப்பு பெரும்பாலும் இரண்டாவது ஆட்டத்தில்தான் வரும். வெறும் தண்ணீரோடு உப்புப் போட்ட நீர்மோரும் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் உப்பை எவ்வளவு சேர்க்கலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஆட்டத்துக்கு முன்பே வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது; உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அவ்வகை மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைப் பாதிக்கும், இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். மதியம் இரண்டு ஆட்டத்துக்கு இடையில் முழுச் சாப்பாடும் வேண்டாம். தயிர்சாதம் கொஞ்சம், ஒரு வாழைப்பழம், நிழலில் காலை நீட்டிக்கொண்டு அரை மணி நேரம்.

பாமணியாறு:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

கெண்டைக்காலை மருத்துவரிடம் காட்டினேன். சிறிய தசைக் கிழிசல்தான் என்று சொல்லி, ஓட்டத்தைப் பத்து நாள் நிறுத்தச் சொன்னார். இப்போது ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தினால் வலியில்லை. அரசலாறு ஐயா சொன்னபடி, மகனைப் பக்கவாட்டிலிருந்து படம் எடுக்கச் சொன்னேன். பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. என் மோவாய் கேட்சரின் தோள் மட்டத்தில் இருந்தது; வலது கால் பின்னால் நீண்டு கிடந்தது. 12 ஆண்டுகளுக்கு முன்பும் இப்படித்தான் நின்றிருக்கிறேன். அன்றைய வயது மறைத்துவிட்டது.

செவ்வாய், சனிக்கிழமை மாலைகளில் பையன்கள் வீசும்போது நின்று வருகிறேன். நேற்று 60 பந்துகள் ஆயின. இன்று காலையில் குழாயைப் பிடிக்காமல் உட்கார்ந்து எழுந்தேன். ஒரு சாண் உயர்ந்து நிற்பதில், கேட்சரின் தலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த வெளி மூலை பளிச்சென்று தெரிகிறது. வலியைக் கேட்க வந்த இடத்தில் கிடைத்த கூடுதல் லாபம்.

தஞ்சாவூர் நண்பரிடமும் பேசிவிட்டேன். ஒரு நாளில் ஒரு ஆட்டம் பிளேட், இன்னொன்று பேஸ் என்று மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். முதலில் ஓர் ஆட்டத்துக்கு ஓர் அம்பயர்தான் என்று நினைத்திருந்தார்களாம். இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் நான் வரவில்லை என்றதும் எப்படியோ ஆள் கிடைத்துவிட்டது.

குடமுருட்டி ஐயா, பரணிலிருந்து பழைய பிளேட் ஷூவை இறக்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்த அடிப்பாகம், நாள்பட்ட அதிரசம் போல விண்டு உதிர்ந்தது. புதியது வாங்கச் சொல்லியிருக்கிறேன். வரும்வரை பேஸ் அம்பயர் வேலை மட்டும்தான்.