மெட்லி டைமிங்: உங்களுக்கு விநாடிகள் எந்த இடத்தில் குறைந்தன?

200 மெட்லி நீந்துபவர்

மெட்லி, அதாவது பட்டர்ஃப்ளை, பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், ஃப்ரீஸ்டைல் என்ற நான்கு ஸ்ட்ரோக்கையும் இதே வரிசையில் ஒரே பந்தயத்தில் நீந்துகிறவர்கள், தங்கள் டைமிங் எந்த இடத்தில் குறைந்தது என்று எழுதினால் எல்லோருக்கும் உதவும். "நன்றாகப் பயிற்சி செய்தேன், குறைந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். தண்ணீருக்குள் எதை மாற்றினீர்கள், மாற்றியபோது உடம்பு என்ன சொன்னது, அதைச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

ஒரு சீசனில் என் நான்கு ஸ்ட்ரோக்கும் தனித்தனியாக வேகமாகிக்கொண்டே வந்தன. பட்டர்ஃப்ளை 50 குறைந்தது, பிரெஸ்ட்ஸ்ட்ரோக் 50 அதைவிட நன்றாகக் குறைந்தது. நான்கையும் சேர்த்து 200 நீந்தினால் மட்டும் பழைய நேரமே வந்தது. காரணம் பிடிபடவில்லை. என் கோச் ஸ்ட்ரோக்குகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, சுவருக்கு 5 மீட்டர் முன்னால் ஸ்டாப்வாட்சை அழுத்தி, சுவரைத் தொட்டுத் திரும்பி 15 மீட்டர் வந்ததும் நிறுத்தினார். எந்தக் குளத்திலும் இதற்கான அடையாளம் தயாராகவே இருக்கும். பேக்ஸ்ட்ரோக் கொடிகள் 5 மீட்டரில் தொங்கும், லேன் கயிற்றில் 15 மீட்டருக்கு வேறு நிறம் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மீட்டர் குளத்தில் 200 மெட்லிக்கு மூன்று டர்ன். ஒவ்வொன்றுக்கும் இந்த 20 மீட்டர் என்றால் மொத்தம் 60. டைவ் அடித்த பிறகு வரும் 15 மீட்டரையும் சேர்த்தால் 75. பந்தயத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! 25 மீட்டர் குளமாக இருந்தால் ஏழு டர்ன், அப்போது வெறும் நீச்சல் என்று மிஞ்சுவதே கொஞ்சம்தான்.

என் விநாடிகள் போய்க்கொண்டிருந்தது அந்த மூன்று 20 மீட்டரிலும்தான். பட்டர்ஃப்ளையை முடிக்கும்போது சுவர் அரை ஸ்ட்ரோக் தள்ளி இருக்கும், கையை நீட்டி மிதந்துபோய்த் தொடுவேன். அந்த மிதப்பில் வேகம் எல்லாம் செத்துவிடும். பிறகு சுவரை உதைத்து மல்லாந்து, இரண்டு கிக்கில் மேலே வந்துவிடுவேன். கொடிக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை ஸ்ட்ரோக் என்று நான்கு பாணிக்கும் எண்ணி மனப்பாடம் செய்தேன். நீருக்கடியில் இரண்டு காலையும் சேர்த்து அடிக்கும் டால்ஃபின் கிக்கைக் கூட்டினேன். என் 200 நேரம் குறைந்தது அதில்தான். ஸ்ட்ரோக்கில் எந்த மாற்றமும் செய்யவில்லை.

400 மெட்லி நீந்துபவர்

அண்ணா, டர்ன் முக்கியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 400 நீந்துகிற எனக்கு எல்லாமே முதல் 100 மீட்டரில் முடிவாகிறது. பட்டர்ஃப்ளையில் அதிகமாகச் செலவழித்துவிட்டால் எவ்வளவு அழகாக டர்ன் போட்டாலும் மிச்சமிருக்கும் 300 மீட்டர் வேதனைதான்.

பட்டர்ஃப்ளையில் ஒரு கை வீச்சுக்கு இரண்டு கிக். கை தண்ணீருக்குள் நுழையும்போது ஒன்று, கை தொடையைத் தாண்டி வெளியே வரும்போது ஒன்று. 100 பட்டர்ஃப்ளை பந்தயத்தில் இரண்டையும் முழு பலத்தோடு அடிப்போம். 400 மெட்லிக்கு அப்படி அடிக்கவே கூடாது. முதல் கிக்கைச் சிறியதாக வைத்து, நெஞ்சைக் கொஞ்சம் அழுத்தினால் இடுப்பு தானாக மேலே வருகிறது. இரண்டாவது கிக்கில் மட்டும் கை வெளியே வருவதற்குத் தேவையான பலம் கொடுத்தால் போதும். மூச்சை அடக்கி நீந்துவதையும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் மூச்சு எடுக்கிறேன், தாடை நீரை உரசிக்கொண்டே போகும் உயரத்தில். தலை கைக்கு முன்னால் நீருக்குள் போய்விட வேண்டும். கையும் தலையும் ஒன்றாக விழுந்தால் இடுப்பு அமிழ்ந்துவிடும், அதற்கப்புறம் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் மலை ஏறுவதுதான்.

இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஸ்ட்ரோக் எண்ணிக்கை. முதல் 50-ல் எத்தனையோ, இரண்டாவது 50-லும் ஏறக்குறைய அத்தனையே இருக்க வேண்டும். நான்கைந்து கூடிவிட்டால் அன்றைக்கு பட்டர்ஃப்ளை சரியாக அமையவில்லை என்று பேக்ஸ்ட்ரோக்குக்குத் திரும்பும்போதே தெரிந்துவிடும்.

பேக்ஸ்ட்ரோக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முகம் வெளியே இருப்பதால் அது ஓய்வெடுக்கும் 100 மீட்டர் என்று பலர் நினைக்கிறார்கள். மூச்சு கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் பட்டர்ஃப்ளையில் களைத்த அதே தோள்தான் இங்கேயும் தண்ணீரைப் பிடித்து இழுக்கிறது. முதல் ஆறேழு ஸ்ட்ரோக்கைக் காலை வைத்து ஓட்டி, இடுப்பை நன்றாக உருட்டினால் தோளுக்குக் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். கை பிறகு தானாக வேலைக்கு வந்துவிடுகிறது.

டர்ன் நடுவராக நிற்பவர்

நான் இப்போது நீந்துவதில்லை. லேன் முனையில் நின்று டர்னைப் பார்க்கிறவன். சுவரருகே கை தூக்கி ஒரு பிள்ளையை டிஸ்குவாலிஃபை செய்வது மனதுக்குக் கஷ்டமான வேலை. அதிலும் மெட்லியில் நான் பார்க்கும் டிஸ்குவாலிஃபிகேஷன் பெரும்பாலும் ஒரே இடத்தில் நடக்கிறது: பேக்ஸ்ட்ரோக்கிலிருந்து பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு மாறும் சுவர்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், 400 மெட்லியில் பேக்ஸ்ட்ரோக் நடுவே ஒரு டர்ன் உண்டு. 150 மீட்டரில் வரும் அந்த டர்னில் குப்புறப் புரண்டு குட்டிக்கரணம் போடலாம், விதி அனுமதிக்கிறது. ஆனால் 200 மீட்டரில் பேக்ஸ்ட்ரோக் முடிகிறது. மெட்லியில் ஒரு ஸ்ட்ரோக்கிலிருந்து அடுத்ததற்கு மாறும் சுவர், முந்தைய ஸ்ட்ரோக்கின் பந்தய முடிவு மாதிரியே கணக்கு. ஆகவே மல்லாந்த நிலையிலேயே தொட வேண்டும். தோள் செங்குத்தைத் தாண்டிக் குப்புறப் பக்கம் போய்விட்டால் என் கை உயர்ந்துவிடும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கை முடிக்கும்போதும் அதன் பந்தய முடிவு விதிதான், இரண்டு கையும் ஒரே நேரத்தில், ஒன்றின் மேல் ஒன்று இல்லாமல் பட வேண்டும். களைத்த பிள்ளைகள் ஒரு கையை முன்னே விட்டுவிடுவார்கள்.

பிரெஸ்ட்ஸ்ட்ரோக் புல்அவுட்டில், அதாவது சுவரை உதைத்து நீருக்கடியில் வரும் பகுதியில், தொடை வரை ஒரு முழு இழுப்பு, முதல் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் கிக்குக்கு முன் ஒரே ஒரு டால்ஃபின் கிக். கால் லேசாக இரண்டாவது முறை ஆடினாலும் மேலே நிற்கிறவருக்குத் தெளிவாகத் தெரியும்.

கடைசி ஃப்ரீஸ்டைல் பற்றியும் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 2015-ல் கசானில் நடந்த உலகப் போட்டியின் 200 மெட்லியில் அமெரிக்க வீரர் ரயன் லாக்டி, கடைசி டர்னுக்குப் பிறகு மல்லாந்தே டால்ஃபின் கிக் அடித்து வந்தார். தங்கமும் வாங்கினார். அதற்குப் பிறகு விதி தெளிவாக்கப்பட்டது. இப்போது மெட்லியின் ஃப்ரீஸ்டைல் பகுதியில் திரும்பும் கணம் தவிர மற்ற நேரம் குப்புறத்தான் இருக்க வேண்டும், முதல் கிக்குக்கு முன்பே குப்புறத் திரும்பிவிட வேண்டும். பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு முயற்சி செய்யாதீர்கள்.

ஜூனியர் பிரிவில் நீந்துபவர்

சார், நீங்கள் சொன்ன அந்தச் சுவரில்தான் நான் கிராஸ்ஓவர் டர்னுக்கு மாறினேன். அதற்கு முன்னால் சாதாரண ஓபன் டர்ன். தொட்டு, முட்டியை இழுத்து, தலையை வெளியே தூக்கி மூச்சு வாங்கித் திரும்புவது. கிராஸ்ஓவரில் கடைசி ஸ்ட்ரோக்கில் பக்கவாட்டில் சாய்ந்தபடி, இன்னும் மல்லாந்த பக்கமே இருக்கும்போது, எதிர்ப்பக்கமாகக் கையைக் குறுக்கே நீட்டித் தொட்டு, அப்படியே முன்பக்கமாகக் கரணம் அடிக்க வேண்டும். வேகம் நிற்பதே இல்லை.

ஆனால் மூச்சு! தலை மேலே வருவதில்லை. கரணம் முடிந்ததும் நேராக புல்அவுட். பேக்ஸ்ட்ரோக்கின் கடைசி இரண்டு ஸ்ட்ரோக்கில் ஆழமாக மூச்சு எடுத்துவைக்காவிட்டால் நெஞ்சு எரிகிறது. 200-ல் என்னால் முடிகிறது, நேரமும் குறைந்தது. 400-ல் அந்த டர்ன் போட்டால் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கின் முதல் 25 மீட்டர் வீணாகிவிடுகிறது. அதனால் 400-க்கு பக்கெட் டர்ன் போடுகிறேன். மல்லாந்தபடியே தொட்டு, காலைத் தலைக்கு மேலே பின்பக்கமாகப் புரட்டுவது. அதில் புரளும் முன் ஒரு மூச்சு கிடைத்துவிடுகிறது. இரண்டையும் கற்று வைத்துக்கொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

மாஸ்டர்ஸ் பிரிவில் நீந்துபவர்

தம்பி சொல்வது சரி. வயதானவர்களுக்கு அந்த பக்கெட் டர்னே போதும்.

நான் பேச வந்தது பிரெஸ்ட்ஸ்ட்ரோக் பற்றி. மெட்லியில் மிக மெதுவான ஸ்ட்ரோக் அதுதான். மெதுவான இடத்தில்தான் அதிக நேரம் இருக்கிறோம், ஆகவே குறைக்க வேண்டிய நேரமும் அங்கேதான் அதிகம். இதை நான் நம்புவதற்குக் காரணம் ஒரு உலக சாதனை. 2008 பெய்ஜிங்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 400 மெட்லியை 4:03.84-ல் முடித்தார். அது ஏறத்தாழ 15 ஆண்டுகள் நின்றது. 2023 ஜூலையில் ஃபுகுவோகாவில் பிரான்ஸின் லியோன் மர்ஷான் 4:02.50 நீந்தி அதை முறியடித்தார். இருவருக்கும் கோச் ஒரே ஆள், பாப் போமன். இரண்டு பந்தயத்தின் ஸ்பிளிட்டையும், அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் எடுத்த நேரத்தையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 200 மீட்டர் வரை இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கடைசி ஃப்ரீஸ்டைலில் ஃபெல்ப்ஸ்தான் வேகம், ஒரு விநாடிக்கும் மேலே. பிரெஸ்ட்ஸ்ட்ரோக் 100 மீட்டரில் மட்டும் மர்ஷான் கிட்டத்தட்ட மூன்று விநாடி முன்னேறியிருக்கிறார். சாதனை உடைந்தது அந்த 100 மீட்டரில்தான்.

என் அளவில் நான் செய்த மாற்றம் காலில். பேக்ஸ்ட்ரோக்கில் 50 மீட்டர் கால் மேலும் கீழுமாக அடித்துவிட்டு, உடனே பாதத்தை வெளிப்பக்கம் மடக்கிப் பக்கவாட்டில் தள்ளச் சொன்னால் தொடையின் உள்பக்கம் ஒத்துழைக்காது. முதல் சில கிக் வழுக்கிக்கொண்டு போகும். அந்தப் பதற்றத்தில் எல்லோரும் கையை வேகவேகமாகச் சுழற்றுவார்கள். கை சுழல்கிறதே தவிர உடம்பு நகர்வதில்லை. நான் முதல் நான்கு ஸ்ட்ரோக்கை வேண்டுமென்றே நீளமாக எடுக்கிறேன். கிக் முடிந்து கால்கள் ஒட்டும் வரை கையைப் பிரிப்பதில்லை. முட்டி இடுப்பை விட அதிகம் அகலாமல், குதிகாலை மட்டும் பின்பக்கம் இழுக்கிறேன். முட்டி அகன்றால் தண்ணீர் தடுக்கிறது, என் வயதில் முட்டி வலியும் வந்து சேரும். கால் பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் வேகத்தைக் கூட்டுவேன்.

பயிற்சியாளர்

எல்லோர் அனுபவத்தையும் படித்தேன். 400 நீந்தும் தங்கச்சி சொன்ன பட்டர்ஃப்ளை சிக்கனத்தை 200 நீந்துகிறவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 200-ல் பட்டர்ஃப்ளை வெறும் 50 மீட்டர். அங்கே பின்தங்கினால் பிடிக்க இடமில்லை. கையைத் தளர்வாக வைத்துக்கொண்டு வேகமாகவே போக வேண்டும்.

முதலில் எழுதியவரின் பிரச்சினை நான் அடிக்கடி பார்ப்பது. திங்கள் பேக்ஸ்ட்ரோக், செவ்வாய் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் என்று பயிற்சியைப் பிரித்து வைத்தால், ஒவ்வொரு ஸ்ட்ரோக்கையும் புத்துணர்ச்சியான உடம்போடு நீந்தத்தான் பழகுவோம். பந்தயத்தில் பட்டர்ஃப்ளை தவிர எதையும் அப்படி நீந்தப்போவதில்லை. என் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முக்கிய செட் மாறும் இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வது. 25 மீட்டர் குளத்தில் பட்டர்ஃப்ளை 25, பேக்ஸ்ட்ரோக் 25. அடுத்தது பேக்ஸ்ட்ரோக் 25, பிரெஸ்ட்ஸ்ட்ரோக் 25. பிறகு பிரெஸ்ட்ஸ்ட்ரோக் 25, ஃப்ரீஸ்டைல் 25. மூன்று சேர்ந்தால் ஒரு சுற்று. ஒவ்வொரு 50-க்கும் நடுவே மூச்சு ஓரளவு அடங்கும் வரை ஓய்வு, ஏனென்றால் டர்ன் முழு வேகத்தில் நடக்க வேண்டும். 50 மீட்டர் குளமாக இருந்தால் நடுக்குளத்திலிருந்து கிளம்பி, சுவரில் மாறி, மறுபடி நடுக்குளம் வரை வரச் சொல்வேன்.

மர்ஷானைப் பற்றிப் பேசினீர்கள். 2011-ல் ஷாங்காயில் லாக்டி வைத்த 1:54.00 என்ற 200 மெட்லி சாதனையை அவர் 2025-ல் சிங்கப்பூரில் 1:52.69 ஆக்கினார். அவரைப் பார்க்கும்போது களைத்துப்போன கடைசி டர்னுக்குப் பிறகு எவ்வளவு தூரம் நீருக்கடியில் வருகிறார் என்று கவனியுங்கள். 15 மீட்டர் கோட்டை நெருங்கித்தான் தலை வெளியே வரும். மற்றவர்கள் மூச்சுக்காக முன்னமே மேலே வந்து அலைக்குள் மாட்டிக்கொள்வார்கள். எல்லோரும் 15 மீட்டர் போக வேண்டியதில்லை. உங்கள் டால்ஃபின் கிக் உங்கள் ஃப்ரீஸ்டைலைவிட வேகமாக இருக்கும் தூரம் வரைதான் பயன். அது சிலருக்கு எட்டு மீட்டர், சிலருக்குப் பத்து. ஸ்டாப்வாட்சை வைத்து அவரவருக்குக் கண்டுபிடியுங்கள்.

மேலே வந்ததும் முதல் இரண்டு ஸ்ட்ரோக்குக்கு மூச்சு எடுக்காதீர்கள். தலையைத் திருப்பினால் சுவரிலிருந்து கொண்டுவந்த வேகம் அங்கேயே உடையும். மூன்றாவது ஸ்ட்ரோக்கில் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் முடித்த கால் கனமாக இருக்கும், அடிக்க மனம் வராது. ஆனால் இரண்டு கை வீச்சுக்கு ஆறு கிக் என்ற தாளத்தை அந்த இடத்திலேயே பிடித்துவிட வேண்டும். 20 மீட்டர் போன பிறகு பிடிக்கலாம் என்று விட்டவர்களில் யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை.