அரபு நாட்டு வெயில், புழுக்கம், சாரல்: பார்த்ததை எழுதுங்கள்

மஸ்கட்டில் ஏழு வருஷம் இருந்தேன். அரபு நாடு என்றால் மணலும் வெயிலும்தான் என்று ஊரில் யார் சொன்னாலும் ஆமாம் என்றே தலையாட்டி வந்தேன், ஒரு ஜூலை மாதம் ஓமானின் தென்கோடியில் உள்ள சலாலாவுக்கு வண்டியில் போகும் வரை.

கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர். நிஸ்வா, ஆதம் தாண்டியதும் ஒரு மேடு பள்ளம் கிடையாது, சரளைக்கல் பரந்த தட்டை நிலம், மணல்மேடுகூட இல்லை. ஹைமாவில் பெட்ரோல் போட இறங்கியபோது கதவுக் கைப்பிடியைத் துண்டு சுற்றித்தான் பிடித்தேன். வண்டியில் 43 டிகிரி காட்டியது. தும்ரைத் வரை இதே கதைதான். அங்கிருந்து அரை மணி நேரம் போனதும் சாலை மலை உச்சியைத் தொட்டு மறுபக்கம் இறங்குகிறது, இறங்கும் இடத்தில் எதிரே சாலையே தெரியாதபடி வெள்ளையாகப் பனிமூட்டம். வைப்பரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் 26 டிகிரி. கண்ணாடியை இறக்கினால் ஈரப் புல் வாசனை, சாலை நடுவில் முதுகெல்லாம் நனைந்து நிற்கும் ஒட்டகம்!

அங்கே இதற்கு கரீஃப் என்று பெயர், ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. தென்மேற்குப் பருவக்காற்று, சலாலா இருக்கும் தோஃபார் மாகாணத்தின் கரையை ஒட்டி வீசும்போது கடலின் மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிடுகிறது, அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த நீரைத் தொட்டதும் மூடுபனியாகிவிடும். மேலே பாலைவனத்துச் சூடான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருப்பதால் மேகம் உயர எழும்ப வழியில்லை, அதனால் கொட்டும் மழை கிடையாது, நசநசவென்று தூறல்தான். மலை அதை மறித்து நிறுத்துகிறது, மறுபக்கம் ஒரு சொட்டுப் போகாது.

ஒரு மரத்தடியில் நின்றேன். வெட்டவெளியில் மண் லேசாகத்தான் நனைந்திருந்தது, மரத்துக்குக் கீழே மட்டும் டொப் டொப்பென்று சொட்டிச் சேறாகியிருந்தது. பனியை இலைகள் பிடித்துப் பிடித்துக் கீழே விடுகின்றன, மரம் தனக்குத் தானே மழை பெய்துகொள்கிறது. அந்த மரங்களை வெட்டினால் அந்தத் தண்ணீரும் போய்விடும் என்பதை அங்கே நின்ற பத்து நிமிஷத்தில் புரிந்துகொண்டேன்.

திரும்பும்போது வாதி தவ்கா என்ற காய்ந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில், வாசனைப் பிசின் தரும் குந்துருக்க மரங்களைப் பார்த்தேன். யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். சாரல் எட்டாத, மலைக்குப் பின்னால் உள்ள வறண்ட பக்கம். பட்டையைக் கீறிய இடத்தில் பால் கசிந்து, வெளியே உருண்டு காய்ந்திருந்தது. ஒரே மலைதான், இந்தப் பக்கம் புல்வெளி, அந்தப் பக்கம் இது. நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

*

அண்ணா, நீங்கள் சொல்லும் குளிரைப் படிக்கவே பொறாமையாக இருக்கிறது. நான் இருந்தது சவுதியின் கிழக்குக் கரையில் தம்மாம், அங்கே ஆளை அடிப்பது வெயில் இல்லை, புழுக்கம். ஆகஸ்டில் ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிடும், கழற்றித் துடைத்துப் போட்டால் திரும்பவும் அதே. வளைகுடாக் கடல் ஆழமே இல்லாதது, சராசரி ஆழம் 50 மீட்டர்கூட வராது, கோடையில் தண்ணீரே சுடும், அந்த ஆவியெல்லாம் கரைக்கு வருகிறது. பக்கத்தில் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 35 டிகிரி பதிவானது. அந்தக் காற்றில் வேர்வை காயாது, உடம்பு ஆறாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12 முதல் 3 மணி வரை வெளிவேலை கூடாது என்று சவுதியில் விதி, அது எங்களுக்கு உயிர். வடமேற்கிலிருந்து ஷமால் காற்று வந்தால் கண்ணெல்லாம் தூசுதான், ஆனாலும் சட்டை காயும், அதனால் எங்களுக்கு அது பிடிக்கும்.

*

வாதியைப் பற்றி யாரும் எழுதவில்லையே. காய்ந்த ஆற்றுப்படுகைதானே என்று ஓமானின் வடக்கே ஹஜர் மலையடிவாரத்தில் ஒரு வாதிக்குள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருந்தோம். எங்கள் தலைக்கு மேல் வானம் சுத்தம், தூரத்தில் மலைமேல் மட்டும் கருத்திருந்தது. ஒரு ஓமானிப் பெரியவர் மேலிருந்து கையை ஆட்டிக் கத்தினார். முதலில் கேட்டது தண்ணீர்ச் சத்தம் இல்லை, கல் உருளும் சத்தம். ஏறி நின்று திரும்பிப் பார்த்தபோது நாங்கள் உட்கார்ந்த இடத்தில் செம்மண் நிறத்தில் இடுப்பளவு தண்ணீர். மொட்டை மலை, மண்ணே இல்லை, விழுந்த மழை அத்தனையும் அப்படியே வழிந்து வருகிறது. தண்ணீர் ஓடும் வாதியில் வண்டியை இறக்கினால் ஓமானில் சட்டப்படி குற்றம், அது சரியான சட்டம்.

*

எழுதிய எல்லோருக்கும் நன்றி. தம்மாம் தம்பி, புழுக்கம் எங்களுக்கும் உண்டு. 2018 ஜூன் 26 அன்று மஸ்கட்டுக்குத் தெற்கே குரியாத்தில் இரவு முழுக்க 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் மெகுனு புயல் சலாலாவை அடித்தது, உள்ளே பாலைவனத்தில் ஏரி தேங்கி, அந்த ஈரத்தில் வெட்டுக்கிளி பெருகியது.

சலாலா போக நினைப்பவர்களுக்கு: பனிமூட்டத்தில் நனைய வேண்டும் என்றால் ஜூலை, ஆகஸ்ட். மலைச்சாலையில் விளக்கைப் போட்டு மெதுவாகப் போங்கள், ஒட்டகம் கடைசி நிமிஷத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். செப்டம்பர் கடைசியில் மூட்டம் விலகிவிடும், மலை அப்போதும் பச்சையாகவே இருக்கும், கீழே கடலும் தெரியும் என்கிறார்கள். அடுத்த தடவை நான் அப்போதுதான் போவேன்.